எச்சரிக்கை: புது ஏ.டி. டயர் என்று 2019 டயரைத் தலையில் கட்டுகிறார்கள்

தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்கள் டயர் மாற்றப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஏ.டி. என்பது ஆல் டெரெய்ன், சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் ஓடும் டயர்.

ஒரு தாருக்கு டயர் வாங்கிய பில்லில் இருந்தது ஒரே வரி: "ஏ.டி. டயர் 245/75 ஆர் 16, எண்ணிக்கை 4". நான்கும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) டிசைன், ஒரே விலை. தாரில் மாட்டியது 2025 ஜூலையில். 8,000 கிலோமீட்டர் ஓடியதும் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றக் கழற்றியபோதுதான் உள்பக்கத்துத் தேதி எண் கண்ணில் பட்டது. முன்னால் இருந்த இரண்டில் 1124. பின்னால் இருந்த இரண்டில் 3419. அதாவது பின் டயர்கள் 2019-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் தயாரானவை. வண்டியில் ஏறும்போதே ஆறு வயது ஆகப்போகிற டயர்கள்.

கடைக்காரர் சொன்ன பதில்: "ஒயிட் லெட்டர் வெளியே தெரியணும்னுதான் சார் அப்படி மாட்டினோம். பட்டன் புதுசா இருக்கே, இன்னும் அம்பதாயிரம் ஓடும்." கடையின் பெயர் இங்கே வேண்டாம். இதே வேலையை வேறு கடைகளும் செய்ய முடியும், அது எப்படி என்பதுதான் முக்கியம்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே முழுதாக இருக்கும். மறுபக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடும், தேதி இருக்காது. ஏ.டி. டயர்களில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டக்கூடியவை என்பதால், தேதி உள்ள பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டால் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்தால்தான் தெரியும். ஆகவே டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன்பே, தரையில் கிடக்கும்போதே, இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். 

"முடி இருக்கு பாருங்க, புது டயர்தான்" என்று பட்டனில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடியைக் காட்டுவார்கள். குடோனில் ஆறு வருடம் கிடந்த டயரிலும் அந்த முடி அப்படியே இருக்கும். ஓடவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி, வயதுக்கு அல்ல. பளபளப்பையும் நம்பாதீர்கள், பாலிஷ் அடித்தால் எந்த டயரும் கறுப்பாக மின்னும். ஈரத் துணியால் ஓரிடத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு பட்டன் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தை விரலால் விரித்துப் பாருங்கள். அந்த 3419 டயர்களில் அங்கேதான் தலைமுடி கனத்தில் வெடிப்பு ஓடியிருந்தது. பட்டனின் மேற்புறத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

ரப்பரைக் காக்கும் மெழுகும் ரசாயனங்களும் டயர் உருண்டு வளையும்போதுதான் சீராக மேலே கசிந்து வரும். சும்மா கிடக்கும் டயரில் அது நடப்பதில்லை. ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் ரப்பரை இறுக வைக்கின்றன. சமவெளியில் 35 பி.எஸ்.ஐ. காற்றோடு ஓடும்வரை இது பெரிதாகத் தெரியாது. மணலிலோ, கொழுக்குமலை ஜீப் பாதை போன்ற கற்பாதையிலோ காற்றை இறக்கும்போதுதான் ஆபத்து. கல்லுக்கு 20–22, மணலுக்கு 15–18 என்று இறக்கினால் டயரின் பக்கச் சுவரான சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் நன்றாக மடங்கி நிமிரும், சூடேறும். இறுகிப்போன ரப்பர் அந்த மடிப்பைத் தாங்காது. பட்டன் உள்ளே இருக்கும் கம்பி பெல்ட்டிலிருந்து பிரிந்துவிடும், இல்லையென்றால் சைடுவால் கிழியும். சைடுவால் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. சாலைக்காக எடுத்த எச்.டி. டயரென்றால் கொஞ்சம் பழையதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் உண்டு. காற்று இறக்கி ஓட்டுவதற்கென்றே வாங்கும் டயரில் அந்தச் சலுகைக்கு இடமே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் போன தேதியா, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரிதான சைஸ், வேறு வழியில்லை என்றால் அதிகபட்சம் இரண்டு வருடம், அதுவும் விலை குறைத்தால் மட்டும்.

இந்தப் பில்லில் இன்னொரு கோளாறும் இருந்தது. புதிய இரண்டில் 245/75 ஆர் 16, லோடு எண் 111 என்று இருந்தது. பழைய இரண்டில் அதே எண்ணுக்கு முன்னால் எல்.டி. (லைட் டிரக், சிறு சரக்கு வண்டி வகை) என்ற இரண்டெழுத்து, பின்னால் 120/116, லோடு ரேஞ்ச் ஈ (அதிகக் காற்று தாங்கும் கெட்டி ரகம்). அது வெளிப்பக்கமே தெரியும்படி இருந்தும் மாட்டும்போது யாரும் கவனிக்கவில்லை. இரண்டும் ஒரே சைஸ்தானே என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். ஒன்றல்ல.

111 என்றால் 1,090 கிலோ, அதை அந்தச் சாதா டயர் 36 பி.எஸ்.ஐ.-யிலேயே தாங்கும். 120 என்றால் 1,400 கிலோ, ஆனால் அது 80 பி.எஸ்.ஐ. காற்றில். அதே எல்.டி. டயர் 50 பி.எஸ்.ஐ.-யில் தாங்குவது ஏறத்தாழ 1,000 கிலோதான். எண் பெரிதாக இருக்கிறதே, பலமான டயர் என்று சாதா டயருக்குப் போடும் காற்றையே போட்டால், தாங்க வேண்டிய பாரத்துக்குக் குறைவான காற்றில் அது ஓடும். ஆறு வயது டயர், அதற்குக் குறைந்த காற்று, மேலே நெடுஞ்சாலை வெயில் எல்லாம் சேர்ந்தால் டயர் வெடிக்க வேறு காரணம் வேண்டியதில்லை. எல்.டி. போட்டால் அந்த டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்துத்தான் காற்று வைக்க வேண்டும். கதவு ஓரத்து ஸ்டிக்கர் கம்பெனியில் வந்த டயருக்கானது.

எல்.டி. வகையில் பட்டன் ஆழமும் பெரும்பாலும் கூடுதல். முன்னால் 10 மி.மீ., பின்னால் 13 மி.மீ. என்று வைத்தால் விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம். நான்கு சக்கரமும் இழுக்கும் 4 ஹை போட்டால் தாரில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சுற்றளவு ஒத்துவராத சக்கரங்கள் ஒன்றை ஒன்று இழுக்கும். சேற்றில் வழுக்கிச் சரியாகிவிடும். தார்ச் சாலையில் அந்த இழுப்பு, இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் நிற்கும், லீவரைப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 2 ஹைக்குத் தள்ளினால் வராமல் முரண்டு பிடிக்கும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இன்னும் கண்டிப்பு வேண்டும். சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலம் தாண்டக் கூடாது என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். நான்கிலும் ஒரே காற்று வைத்து, தையல் டேப்பால் சுற்றி அளந்தால் ஐந்து நிமிட வேலை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். இந்தியாவில் விற்கும் டயருக்கு அது கட்டாயம். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அதற்கு முன் வந்து தேங்கிய வெளிநாட்டுச் சரக்கு "இம்போர்ட்டட்" என்ற பெயரில் நல்ல விலைக்குப் போக வாய்ப்புண்டு. தேதியைப் படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

செகண்ட்ஹேண்டில் சேற்றுக்கான எம்.டி. டயர் தேடுபவர்களுக்கு வேறு ஆபத்து: தேய்ந்த டயரில் சூடான கட்டரால் புதிதாகக் கோடு வெட்டி விற்பது. கம்பெனி வார்ப்பில் பள்ளத்தின் அடி வழவழப்பாக, மூலை உருண்டையாக இருக்கும். வெட்டியதில் அடியில் கத்தி ஓடிய வரிகள் தெரியும். பள்ளத்துக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டிய தேய்மானக் கட்டை அறுபட்டிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் விலை பேசவே பேசாதீர்கள், வெட்டியவன் கம்பிக்கு எவ்வளவு பக்கம் போனான் என்பது வெளியே தெரியாது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரிம்மில் உட்காரும் பீடு ஓரத்துக்குச் சோப்புத் தண்ணீரோ டயர் பேஸ்டோ மட்டும், கிரீஸும் டீசலும் ரப்பரைத் தின்னும். பேலன்சிங்கில் ஒரு பக்கத்துக்கு 100 கிராமுக்கு மேல் ஈயம் கேட்டால், ஈயத்தை அடுக்காமல் டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பல நேரம் குறையும். நட்டை ஏர் கன்னில் கடைசி வரை இறுக்க விடாதீர்கள். கையால் எதிரெதிராக ஏற்றி, டார்க் ரெஞ்சில் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முடித்து, 50–100 கிலோமீட்டரில் மறுபடி சோதிக்க வேண்டும். ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடுங்கள். பின்கதவில் தொங்கி வெயில் குடிக்கும் டயர் அது.

ஏமாந்த பிறகு பிடித்துக்கொள்ள இருப்பது பில் ஒன்றுதான். "ஏ.டி. டயர் 4" என்ற பில்லை வைத்துக்கொண்டு எந்த டயர் அந்தக் கடையில் வாங்கியது என்று நிரூபிப்பது கஷ்டம். நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பணம் கட்டும் முன் ஒவ்வொரு டயருக்கும் பில்லில் ஒரு வரி கேளுங்கள்: கம்பெனி, மாடல், முழு சைஸ், எல்.டி. உண்டா இல்லையா, லோடு எண், டி.ஓ.டி. வரிசை கடைசி நான்கு இலக்கத்தோடு. நான்கு டயர் என்றால் நான்கு வரி. எழுத மறுக்கும் கடையில் டயர் இறக்காமல் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.