நுழைவுக் கட்டணத்துக்குத் தகுந்த போட்டி எது? டென்பின் பவுலிங் திறந்த போட்டிகள் குறித்து ஒரு போட்டியாளரின் மதிப்பீடு

பின் எனப்படும் பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டி வீழ்த்தும் டென்பின் பவுலிங் ஆட்டத்தில் போட்டி ஒன்றின் அறிவிப்பு வந்ததும் பெரும்பாலானோர் பார்ப்பது முதல் பரிசுத் தொகையைத்தான். வார இறுதிகளில் நடக்கும் திறந்த போட்டிகளில் நெடுநாளாக ஆடிவரும் நான் முதலில் தேடுவது, அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் கட்டணப் பகிர்வை. ஒழுங்காக நடத்தப்படும் போட்டியில் நுழைவுக் கட்டணம் மூன்றாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்: பரிசு நிதிக்கு எவ்வளவு, லேன்கள் எனும் பந்து உருட்டும் தடங்களுக்காக அரங்குக்கு எவ்வளவு, நடத்தும் செலவுக்கு எவ்வளவு. இந்தப் பகிர்வே இல்லாத அறிவிப்பில் முதல் பரிசு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அது யாருடைய பணத்திலிருந்து வருகிறது, மீதி எங்கே போகிறது என்பதை அறிய வழியில்லை.

பரிசு நிதி எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது என்பது அடுத்த கேள்வி. நான்கு பேரில் ஒருவருக்குப் பரிசு என்ற விகிதம் வைத்தால், நூறு பேர் ஆடும் போட்டியில் இருபத்தைந்து பேர் கையில் ஏதாவது பெற்றுக்கொண்டு திரும்புவார்கள். பத்தில் ஒருவர் என்றால் எல்லாப் பணமும் மேலே உள்ள சிலரிடமே குவியும். நல்ல போட்டியில் கடைசிப் பரிசு நுழைவுக் கட்டணத்துக்காவது சமமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பரிசு பெற்றவர் என்று பெயர் அறிவிக்கப்பட்ட பிறகும் ஒருவர் கைப்பணம் இழந்து வீடு திரும்புவது முறையன்று.

பரிசே கிடைக்காத பெரும்பான்மையினருக்குக் கட்டணத்தின் பயன் அவர்கள் ஆடும் ஆட்டங்கள்தான். அமெரிக்காவில் 1901-ல் தொடங்கி, இன்று யு.எஸ்.பி.சி. (அமெரிக்க பவுலிங் கூட்டமைப்பு) ஓப்பன் சாம்பியன்ஷிப்ஸ் என்ற பெயரில் நடக்கும் போட்டியில் அணி, இரட்டையர், ஒற்றையர் ஆகிய மூன்று பிரிவுகளிலும் தலா மூன்று ஆட்டங்கள் என்ற முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. எல்லாப் பிரிவுகளிலும் பெயர் கொடுத்தவர் எவ்வளவு மோசமாக ஆடினாலும் ஒன்பது ஆட்டங்கள் ஆடிவிடுவார். வார இறுதிப் போட்டியில் தகுதிச் சுற்று ஆறு ஆட்டங்களாக இருந்தால் அதை நிறைவானது என்பேன். மூன்றே ஆட்டங்களில் ஆளைக் கழித்துவிடும் போட்டியில், லேனைப் புரிந்துகொள்ளும் நேரத்திலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அருகருகே உள்ள இரண்டு லேன்கள் சேர்ந்த ஒரு ஜோடியில் எத்தனை பேர் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஓர் ஆட்டம் ஆடத் தோராயமாகப் பத்து நிமிடம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு லேன்களிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடப்பதால், நான்கு பேர் இருக்கும் ஜோடியில் ஆறு ஆட்டங்கள் இரண்டு மணி நேரத்தில் முடியும். ஆறு பேரை அடைத்தால் அதுவே மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு பந்துகளுக்கு நடுவே உடல் ஆறிப்போகும் அளவுக்குக் காத்திருந்தால் யாருக்கும் கை சீராக வராது.

இவை எல்லாவற்றையும் விட என்னை அதிகம் பாதிப்பது லேனில் இடப்படும் எண்ணெய். ஆட்டக்காரர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி; அதில் முன்பக்கத்து 35 முதல் 45 அடி வரை எண்ணெய் பூசப்படும், மீதி வறண்டிருக்கும். பொழுதுபோக்குக்கு ஆடுவோருக்கான பேட்டர்னில், அதாவது எண்ணெய் இடும் அமைப்பில், நடுவில் எண்ணெய் மிகுதியாகவும் ஓரங்களில் மிகக் குறைவாகவும் இருப்பதால், சற்றுத் தவறிய பந்தும், முதல் பின்னுக்குச் சற்றுப் பக்கவாட்டில் இருக்கும் பாக்கெட் என்ற சரியான இடத்துக்குத் திரும்பிவிடும். போட்டிக்கான கடினமான பேட்டர்னில் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வேறுபாடு குறைவு. இலக்கு பிசகினால் லேன் மன்னிக்காது. இரண்டில் எதை வைத்தாலும் எனக்குக் குறையில்லை. பேட்டர்னின் நீளத்தையும் வரைபடத்தையும் முன்கூட்டியே வெளியிட்டுவிட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால், லேனில் நீளவாக்கில் உள்ள பலகைகளில் ஓரத்திலிருந்து எத்தனையாவதில் பந்து திரும்ப வேண்டும் என்பது தோராயமாகத் தெரியும் என்பது ஆட்டக்காரர்கள் நம்பும் கணக்கு. 41 அடி என்றால் பத்தாவது பலகை. இந்தத் தகவல் இருந்தால் எந்தப் பந்துகளைக் கொண்டுவருவது என்று வீட்டிலேயே முடிவு செய்யலாம்.

ஒவ்வொரு ஸ்குவாடுக்கும், அதாவது ஒரே நேரத்தில் ஆட இறங்கும் குழுவுக்கும், புதிதாக எண்ணெய் இட வேண்டும் என்பதில் எந்தச் சமரசத்துக்கும் இடமில்லை. நான் ஆடிய ஒரு போட்டியில் காலை ஸ்குவாடுக்கு மட்டும் எண்ணெய் இட்டுவிட்டு, பிற்பகல் ஸ்குவாடை அதே லேன்களில் இறக்கினார்கள். குறி வைப்பதற்காக லேனில் இட்டிருக்கும் அம்புக்குறிகளில் இரண்டாவதன் மேல் விட்ட பந்து, காலையில் ஆடியவர்கள் எண்ணெயைத் தேய்த்தெடுத்திருந்த இடத்தில் பிடித்துக்கொண்டு முன்னதாகவே வளைந்து, முதல் பின்னை நேர் நடுவில் அடித்தது. பக்கத்துக்கு ஒன்றாக நின்ற பின்களைப் பார்த்தபோது என் கை அவ்வளவாகப் பிசகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இரு ஸ்குவாடுகளும் கட்டியது ஒரே கட்டணம். ஆடியதோ வெவ்வேறு லேனில். அதே காரணத்தால், ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஆட்டக்காரர்களை வேறு ஜோடிக்கு மாற்றும் போட்டிகளை விரும்புகிறேன். மோசமான ஜோடி ஒன்று இருந்தால் அதன் சுமை எல்லோருக்கும் பகிரப்படும்.

ஹேண்டிகேப் உள்ள போட்டிகளில், அதாவது ஓர் அடிப்படை எண்ணுக்கும் ஆட்டக்காரரின் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு விகிதத்தைக் கூடுதல் பின்களாகத் தரும் போட்டிகளில், அந்த அடிப்படை எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அடிப்படை 220, விகிதம் 90 சதவீதம் என்றால், 160 சராசரி உள்ளவருக்கு ஆட்டத்துக்கு 54 பின்களும், 210 சராசரி உள்ளவருக்கு 9 பின்களும் கிடைக்கும். இதைச் சராசரியோடு சேர்த்தால் இருவருக்கும் நடுவே எஞ்சும் இடைவெளி 5 பின்கள். அடிப்படையை 200 ஆகக் குறைத்தால் முன்னவருக்கு 36, பின்னவருக்கு ஒன்றுமில்லை; இடைவெளி 14 ஆகிறது. ஆறு ஆட்டங்களில் அது 84 பின்கள். அத்தனை பின்களைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்து ஆடுகிறோம் என்பது புதியவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. சராசரிக்குச் சான்று கேட்காத போட்டி இதைவிடக் கெடுதலானது. கடந்த பருவத்தில் குறைந்தது 21 ஆட்டங்களின் சராசரியைக் காட்டச் சொல்லும் விதி, வேண்டுமென்றே சராசரியைக் குறைத்து வைத்திருப்பவர்களை முழுமையாகத் தடுக்காவிட்டாலும் நேர்மையாக ஆடுபவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது.

மறுநுழைவு பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, அதில் சிறந்த முயற்சியை மட்டும் கணக்கில் கொள்ளலாம் என்றால், ஒரே ஒரு முறை கட்டியவர் மற்றவரின் ஆட்டத்தோடு அவரது பணத்தோடும் சேர்த்துப் போட்டியிடுகிறார். ஒருமுறைக்கு மேல் மறுநுழைவு கூடாது என்று வரம்பு வைக்கும் போட்டிகளே எனக்கு ஏற்புடையவை. அந்த இரண்டாவது கட்டணத்தில் லேன் செலவு போக மீதியில் பெரும்பங்கு பரிசு நிதிக்கே போக வேண்டும். நடத்தும் செலவு முதல் கட்டணத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

பிராக்கெட் என்ற பக்கப் பந்தயத்தில் சேர்வது அவரவர் விருப்பம். எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு பங்கு போட்டு, மூன்று ஆட்டங்களில் ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டே வர, வென்றவருக்கு ஐந்து பங்கும் இரண்டாமவருக்கு இரண்டு பங்கும் போவது பரவலான வழக்கம். எஞ்சும் ஒரு பங்கு, அதாவது எட்டில் ஒன்று, நடத்துபவருக்கு. அந்தப் பங்கை எடுக்காமலோ, எடுத்தாலும் பரிசு நிதியில் சேர்த்தோ நடத்தும் போட்டிகள் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போகலாம்.

போட்டி முடிந்த சில நாட்களுக்குள் மொத்த நுழைவுகள் எத்தனை, பரிசாகக் கொடுத்த தொகை எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு என்ற முழுப் பட்டியலும் வெளிவர வேண்டும். அறிவிப்பில் உள்ள பகிர்வையும் இந்தப் பட்டியலையும் அருகருகே வைத்து நுழைவுகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். கணக்கு ஒத்துப்போகிற போட்டிக்கு அடுத்த ஆண்டும் பெயர் கொடுக்கிறேன். பட்டியலே வெளியிடாத போட்டிக்குக் கொடுப்பதில்லை.