கனடிய வளவில் கொன்கலர் ஃபர்: பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

2013 மே மாதத்தில், ஒன்ராறியோவின் மார்க்கம் நகரிலுள்ள எங்கள் வீட்டு முன்வளவில், நெஞ்சளவு உயரமான கொன்கலர் ஃபர் என்ற ஊசியிலை மரம் ஒன்றை நட்டேன். அப்போது ஒன்றரை மீற்றராக இருந்த மரம் இப்போது நான்கு மீற்றரைத் தாண்டி நிற்கிறது. எங்கள் தெருவில் அழகுக்காக நடப்பட்ட நீல ஸ்புரூஸ் மரங்கள் பூஞ்சை நோயால் அடிக்கிளைகளிலிருந்து ஊசியிலைகளை உதிர்த்து, கீழ்ப்பாதி மொட்டையாக நின்றதைப் பார்த்த பின்னரே, ஏறத்தாழ அதே நீலச்சாம்பல் நிறமும் அந்த நோய்க்கு எளிதில் ஆட்படாத இயல்பும் கொண்ட இம்மரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

உண்மையில் இது எனது இரண்டாவது முயற்சி. 2011 இல் வாங்கிய முதற் கன்றைப் பின்வளவின் பள்ளமான மூலையில் நட்டேன். இரண்டாவது கோடையிலேயே அது பழுப்பேறிக் காய்ந்துவிட்டது. குளிர்தான் கொன்றிருக்கும் என்று எண்ணித் தோண்டிப் பார்த்தபோது, களிமண்ணில் வெட்டிய குழி ஒரு பானையைப் போல நீரைத் தேக்கி வைத்திருந்ததையும், வேர்கள் கறுத்து அழுகியிருந்ததையும் கண்டேன். கொலராடோ, யூட்டா, கலிபோர்னியா மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் மறை 30 பாகை செல்சியஸ் குளிரையும் தாங்கும். நீர் தேங்கும் களிமண்ணைத்தான் தாங்காது.

ஆகவே இரண்டாவது கன்றுக்குச் சரிவான இடத்தைத் தெரிவுசெய்து, குழியை ஆழமாக்காமல் அகலமாக்கி, வேர்ப்பந்து (வேர்களைச் சுற்றியுள்ள மண்ணுருண்டை) தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் மேலே நிற்குமாறு மேடு கட்டி நட்டேன். வேர்ப்பந்தின் மேற்பகுதியிலிருந்த கம்பிவலையை வெட்டி அகற்றி, சணற்சாக்கையும் விலக்கினேன். (மண்வெட்டியைத் தொடுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைத்தால், எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் செல்லும் இடங்களை இலவசமாகவே குறித்துத் தருவார்கள்; அதற்குச் சில நாள் காத்திருப்பதில் நட்டமில்லை.)

அந்த ஆண்டு டிசம்பரில் ரொறன்ரோப் பகுதியை உறைமழை தாக்கி, பெரிய மேப்பிள் மரங்களின் கிளைகளையெல்லாம் முறித்துப் போட்டது. எங்கள் கன்றும் கண்ணாடி வார்த்தது போல உறைந்து வளைந்திருந்தது. பனிக்கட்டியைத் தட்டிவிடக் கை துடித்தாலும், தட்டினால் கிளைதான் ஒடியும் என்பதால் விட்டுவிட்டேன். பனி உருகியதும் கிளைகள் தாமாகவே நிமிர்ந்தன.

அதைவிடத் தொல்லை தந்தது வீதியில் கொட்டும் உப்பு. வாகனச் சக்கரங்கள் தெறிக்கும் உப்புநீரால், வீதிப் பக்க ஊசியிலைகள் வசந்தத்தில் நுனி கருகிக் காணப்பட்டன. அதனால் ஐந்து ஆண்டுகள், நவம்பர் மாதந்தோறும் தடிகளை ஊன்றிச் சாக்குத்திரை கட்டினேன். இன்றும் அந்தப் பக்கம் சற்று அடர்த்தி குறைவாகவே உள்ளது. மீண்டும் நடுவதாயின் வீதியிலிருந்து இன்னும் தள்ளியே நடுவேன்.

பராமரிப்பு அதிகமில்லை. முதலிரு கோடைகளில் வாரத்திற்கு ஒருமுறை நிறைய நீர் ஊற்றினேன். நிலம் உறையுமுன் இலையுதிர்காலக் கடைசியிலும் ஊறவிட்டேன். பனிக்காலத்திலும் ஊசியிலைகள் நீரை இழந்துகொண்டிருக்க, உறைந்த மண்ணிலிருந்து வேர்களால் நீரை எடுக்க முடியாது என்பதே இதற்குக் காரணம். தண்டைத் தொடாமல் மரச்சீவல் பரப்பினேன். உரம் எதுவும் போடவில்லை.

முதல் மூன்று ஆண்டுகளில் மரம் வருடத்திற்குப் பத்துச் சென்ரிமீற்றர்கூட வளரவில்லை. பிறகுதான் ஓர் அடி அளவுக்கு எழும்பத் தொடங்கியது. ஒருமுறை மே மாதப் பின்பனி புதுத் தளிர்களைக் கருக்கியது. ஆயினும் அடுத்த ஆண்டில் அந்த வடு தெரியவில்லை. விரைவான மறைப்பு வேலி தேவைப்படுவோருக்கு இம்மரத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அழகைப் பொறுத்தவரை குறையே இல்லை. இலத்தீனில் ‘கொன்கலர்’ என்றால் ஒரே நிறம். ஊசியிலையின் இரு பக்கமும் ஒரே சாயல் கொண்டிருப்பதால் வந்த பெயர் அது. இலை மென்மையானது, ஸ்புரூஸைப் போலக் குத்தாது. கசக்கினால் தோடம்பழத் தோலின் மணம் வீசும்.

நட்டபோது அகலத்தைக் குறைத்து மதிப்பிட்டதால், இப்போது அடிக்கிளைகள் நடைபாதைவரை நீண்டுவிட்டன. வெட்டிய அடிக்கிளை மீண்டும் துளிர்க்காது, மரத்தின் தரை தொடும் பாவாடை போன்ற வடிவமும் கெட்டுவிடும் என்பதால், கடந்த கோடையில் நடைபாதைக் கற்களைப் பெயர்த்து ஒரு முழம் தள்ளிப் பதித்தேன்.