பாலிக் புலாவ் நாய் விடுதி: கறுப்பனை விட்டுவிட்டு வந்த அனுபவம்

பினாங்குத் தீவில் நாயை நம்பி விட்டுவிட்டுப் போக இடம் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலிக் புலாவில், டுரியான் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு தம்பதி தங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் நடத்தும் விடுதி அது. பெயர்ப்பலகை கிடையாது. எங்கள் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

கறுப்பன் அப்பாவின் நாய். நானும் தங்கையும் சோறு வைத்தால் சாப்பிடுவான், அவ்வளவுதான். அப்பா ஜெலுத்தோங் பாசாருக்குப் போனால் கேட்டருகே படுத்துக்கொள்வான். எங்கள் வரிசையில் பாதி வீட்டில் அப்பாவுடையது போன்ற ஹோண்டா ஈஎக்ஸ்-5 மோட்டார்சைக்கிள் இருக்கிறது. எது போனாலும் அசையமாட்டான். அப்பாவின் வண்டி முனை திரும்புவதற்கு முன்பே எழுந்து நின்று வாலை ஆட்டுவான்.

அப்பா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்ததும் அவன் அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டான். தட்டை நகர்த்தி வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் மாறி மாறி வார்டில் இருக்க வேண்டியிருந்தது, வீட்டில் ஆளில்லை. முன்பு ஒருமுறை டவுனில் ஓரிடத்தில் கூண்டில் விட்டு, காதெல்லாம் உண்ணியோடு, குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போய் வந்தான். அதனால் இம்முறை பயந்துகொண்டேதான் போனேன்.

விடுதி நடத்தும் அக்கா முதலில் கேட்டது தடுப்பூசி அட்டை, அடுத்து உண்ணி மருந்து எப்போது போட்டது என்று. அப்புறம், "உங்கப்பா கட்டின கைலி ஒன்னு கொண்டு வாங்கம்மா, துவைச்சிடாதீங்க" என்றார். அழுக்குக் கூடையிலிருந்து நீலக் கட்டம் போட்ட கைலியை எடுத்துப் போனேன். அறை மூலையில் அதை நான்காக மடித்துப் போட்டார். கறுப்பன் மோந்து பார்த்தான், மூக்காலேயே மடிப்பைக் கலைத்தான், அதன்மேல் சுற்றிச் சுற்றி வந்து படுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டான். அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த பின்னங்கால் நின்றது.

இது வெறும் பழக்கம் இல்லை. அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை மயக்க மருந்து இல்லாமல் எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் இருக்கப் பழக்கி, வெவ்வேறு வாசனைகளைக் காட்டிப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. நல்லதை எதிர்பார்க்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் அதிகமாகத் துடித்தது, பழகிய நாயின் வாசனைக்குக்கூட அந்த அளவு இல்லை. அந்த மனிதர் எதிரில் இல்லை, வாசனை மட்டும்தான். அக்காவுக்கு இதைப் பற்றியெல்லாம் தெரியாது. அவர் நாய்களைப் பார்த்தே கற்றுக்கொண்டவர்.

முதல் நாள் சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் அக்கா தரையில் உட்கார்ந்து கோழிக் கஞ்சியை விரலில் எடுத்து நீட்ட, நக்கினான். அந்த வீடியோவை வார்டில் அப்பா எத்தனை தடவை பார்த்தார் என்று சொல்ல முடியாது. அவனோடு பேசவேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் போன் போட்டுக் கொடுத்தோம். "டேய் கறுப்பா" என்றதும் எழுந்து போனை மோந்தான். போனுக்குப் பின்னால் தேடினான். நேராகக் கேட்டுக்கு ஓடி, இருட்டும்வரை அங்கேயே முனகிக்கொண்டு நின்றானாம். "இனிமே குரல் வேணாம்மா. தேட ஆரம்பிச்சிடறான். வாசனை போதும்" என்று அக்காவே சொன்னார். காசு வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டுகிற ஆள் இதைக் கவனித்திருக்கமாட்டார்.

குறைகளும் உண்டு. ஏர்கான் இல்லை, காற்றாடிதான். பக், புல்டாக் மாதிரி மூக்குச் சப்பையான நாய்களை அந்த வெயிலில் நான் விடமாட்டேன். ஆயர் ஈத்தாம் வழியாக மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகவேண்டும், டுரியான் பருவத்தில் வார இறுதியென்றால் இன்னும் நேரமாகும். காலையில் நாய்களை நடக்கவிடுவதால் போன் எடுக்கமாட்டார்கள், வாட்ஸ்அப்பில் எழுதிப்போடுங்கள்.

அழைத்துவரும் நாளில் அக்காவின் கணவர், அந்த அண்ணன், சொன்ன யோசனை எங்களுக்குப் பெரிய உதவி. "முதல்ல ஐயாவ நாற்காலியில உட்கார வைங்க, நாயைப் பிறகு உள்ள விடுங்க, பாய்ஞ்சா தையலுக்கு ஆபத்து." அப்படியே செய்தோம். கறுப்பன் பாயவில்லை. அப்பாவின் முழங்காலில் தாடையை வைத்து, நாங்கள் அதுவரை கேட்டிராத மெல்லிய ஊளையாக விட்டான். அப்பா அவன் காதைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஓர் இரவுக்கு 40 ரிங்கிட் கொடுத்தோம், பெருநாள் காலத்தில் கூடுதல். தீபாவளிக்கும், சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளுக்கு முந்தைய இரவு பட்டாசு வெடிக்கும்போதும், அண்ணன் வானொலியைப் போட்டுவிட்டு நாய்களோடு அறையிலேயே படுத்துக்கொள்வாராம். அந்த நாட்களுக்கு இடம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.