விண்டோஸ் 7-ஐ தூக்கி எட்டு மாசம் ஆச்சு

நம்மகிட்ட இருக்கறது பழைய டெஸ்க்டாப், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7ம் லினக்ஸ் மின்ட்டும் டூயல் பூட் (ஒரே மெஷின்ல ரெண்டு ஓஎஸ், ஆன் பண்றப்ப எது வேணுமோ அதை எடுத்துக்கலாம்). 2020 ஜனவரி 14ஓட விண்டோஸ் 7க்கு அப்டேட் நின்னுச்சு, அப்பவே தூக்கியிருக்கணும். ஆனா பழைய டிடிபி வேலை மொத்தமும் அதுலதான், பேஜ்மேக்கர்னு பக்கம் வடிவமைக்கற பழைய சாஃப்ட்வேர்ல, இங்கிலீஷ் எழுத்து எடத்துல தமிழ் உருவம் வெச்ச பாமினி ஃபான்ட்ல அடிச்ச கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்னு ஒரு மூட்டை, யாராவது வந்து "அண்ணே, அதே பத்திரிகை, பேரை மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு கேட்டா என்ன பண்றதுன்னு விட்டு வெச்சிருந்தேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை பூட் பண்ணிருந்தா பெரிசு, 150 ஜிபி தண்டமா கெடந்துச்சு.

பொங்கல் லீவுல உக்காந்தேன். ஃபைல் எல்லாம் காப்பி எடுத்துட்டு, மின்ட் பென்டிரைவ்ல பூட் பண்ணி ஜிபார்ட்டட்ல (டிஸ்கைப் பிரிக்கற, அழிக்கற டூல்) விண்டோஸ் இருந்த சி டிரைவ், அது பக்கத்துல விண்டோஸ் பூட்டுக்கான 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்ட், ரெண்டையும் டெலீட், அஞ்சு நிமிஷ வேலை. ஆன் பண்ணதும் ஓஎஸ் மெனு காட்டற கிரப் இருக்கறது டிஸ்கோட ஆரம்பத்துலயும் லினக்ஸ் பார்ட்டிஷன்லயும், அதனால விண்டோஸ் போனா பூட்டுக்கு ஒண்ணும் ஆகாது (லினக்ஸை அழிச்சிருந்தா கிரப் ரெஸ்க்யூன்னு கறுப்பு ஸ்கிரீன்தான்). காலியான எடத்தை லினக்ஸோட சேக்கலாம்னு பாத்தா, அது லினக்ஸுக்கு இடது பக்கம் இருக்கு, மொத்த டேட்டாவையும் நகத்தணும், மணிக்கணக்கா ஓடும், நடுவுல கரன்ட் போனா கதை முடிஞ்சுது, நம்ம யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கினா அதிசயம். பேசாம லினக்ஸோட இஎக்ஸ்டி4 முறைல ஃபார்மட் பண்ணி டேட்டா டிரைவா வெச்சுக்கிட்டேன்.

ரீஸ்டார்ட் பண்ணா ஒண்ணரை நிமிஷம் கவுன்ட் ஓடுது, அப்புறம் எமர்ஜென்சி மோட், டெஸ்க்டாப் வராம கமாண்ட் அடிக்கற ஸ்கிரீன் மட்டும். வயித்துல புளியைக் கரைச்சிருச்சு. கடைசில பாத்தா தப்பு நம்மளோடதுதான், சி டிரைவ் தானா மவுன்ட் ஆகட்டும்னு எப்பவோ எஃப்எஸ்டேப் ஃபைல்ல (பூட் ஆகும்போது எந்தெந்த பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணணும்ங்கற லிஸ்ட்) ஒரு லைன் போட்டிருந்தேன், அதுல இருந்த யூயூஐடி, அதாவது பார்ட்டிஷனோட அடையாள நம்பர், இப்ப டிஸ்க்லயே இல்ல, சிஸ்டம் அதைத் தேடிட்டு நிக்குது. திரும்ப பென்டிரைவ்ல போயி புது டேட்டா டிரைவோட யூயூஐடி போட்டு, கூடவே நோஃபெயில்னு (டிரைவ் இல்லேன்னாலும் நிக்காம பூட் ஆகு) சேத்ததும் ஒழுங்கா வந்துச்சு. கிரப் மெனுல விண்டோஸ் பேரு மட்டும் பேய் மாதிரி நின்னுச்சு, மெனுவைப் புதுப்பிக்கற அப்டேட்-கிரப் கமாண்ட் அடிச்சதும் போயிடுச்சு.

இந்த எட்டு மாசத்துல விண்டோஸைத் தேடினது ஒரே ஒரு தடவைதான். வைகாசி முகூர்த்தத்துக்கு ஒருத்தர் பழைய பத்திரிகையைக் கேட்டு வந்தாரு. லினக்ஸ்ல இருக்கற லிப்ரே ஆபீஸ் டிரால பேஜ்மேக்கர் ஃபைல் தெறக்குது, கட்டம் அங்கங்க நகந்துருக்கு, அது பரவால்ல, ஆனா தமிழ்னு இருக்க வேண்டிய எடத்துல ஜே, கே, பி, ஓ, செமிகோலன்! ஃபைலை எல்லாம் எடுத்தவன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மறந்துட்டேன். பாமினி ஃபிரண்டு கடைல கெடைச்சுது. தலைப்புக்கு போட்டிருந்த வளைவு எழுத்து ஃபான்ட் மட்டும் எங்கயும் சிக்கல. யூனிகோட்ல வேற எழுத்து போட்டு அடிச்சுக் குடுத்தேன், அவரு பழைய பத்திரிகையையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, "'திருமண அழைப்பிதழ்' மட்டும் கொஞ்சம் ஒல்லியா இருக்கே தம்பி"ன்னாரு.