அலுமினியப் படகுக்கு மேடை போடுகிறீர்களா? ‘மெரைன்’ என்று கொடுக்கும் சரக்கைச் சோதிக்காமல் பொருத்தாதீர்கள்

14 அடி அலுமினியப் படகு. நடு இருக்கையை எடுத்துவிட்டு அணியத்தில் (படகின் முன்பகுதியில்) மேடை, அடியில் சாமான் பெட்டி, விளக்கு, பம்ப் என்று சொந்தமாகச் செய்யும் வேலை. “எல்லாமே மெரைன் தரம்”, அதாவது படகுக்கு ஏற்ற தரம் என்று சொல்லி விற்ற சரக்கில் பலகை, வயர், போல்ட் மூன்றுமே தவறு. பில்லில் வெறும் ‘பிளைவுட்’, ‘வயர்’ என்றுதான் எழுதியிருந்தது, அதனால் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார் விற்றவர். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பலகையின் தரம், எஃகின் எண், வயரின் உலோகம் எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பலகையில் நடந்ததுதான் மிக மோசம். மெரைன் பிளைவுட் என்று வந்தது மருந்தேற்றிய பிளைவுட். லேசாகப் பச்சை ஓடியிருக்கும். “மருந்து ஏற்றியது, மக்கவே மக்காது” என்பார்கள். பலகை மக்காது என்பது உண்மைதான், ஓட்டையாவது படகு. அந்த மருந்தில் இருப்பது செம்பு. பலகை நனையும்போதெல்லாம் செம்பு கசிந்து அலுமினியத்தின் மேல் படிகிறது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் வேகம். மேலே கார்பெட் ஒட்டியிருந்தால் ஈரம் காயவே காயாது. முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், அதைச் சுரண்டினால் கீழே ஊசிக்குழி தெரியும்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களானால் கழற்றிவிடுங்கள். பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், ஒவ்வொரு ஸ்க்ரூ துளையும் ஒரு கசிவு வழி. உட்புறத்தை நன்றாகக் கழுவி, படகைத் தாங்கிக் கட்டையில் ஏற்றி, உள்ளே ஒரு சாண் கூட வேண்டாம், நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். வெளியே பூசும் பாசித்தடுப்புப் பெயின்டிலும் இதே ஆபத்து உண்டு. செம்பு ஆக்ஸைடு கலந்த பெயின்ட் அலுமினியப் படகுக்கு ஆகாது.

நல்ல பலகையை எப்படித் தெரிந்துகொள்வது? மெரைன் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 1088 என்ற முத்திரை இருந்தாலும் அதோடு நிற்காதீர்கள், முத்திரை யாரும் குத்தலாம். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நடு அடுக்குகளில் சந்து தெரிந்தால் வேண்டாம். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி நாலு மணி நேரம் கொதிக்க வைத்து, நன்றாகக் காயவைத்து, மறுபடி நாலு மணி நேரம் கொதிக்க வையுங்கள். பிறகு கத்தி முனையை அடுக்குகளுக்கு நடுவே செருகினால் மரம் நார் நாராகக் கிழிய வேண்டும். அடுக்கு சுத்தமாகப் பிரிந்து வந்தால் அதன் பசை தண்ணீருக்குத் தாங்காது. பொருத்துவதற்கு முன் இரண்டு முகத்துக்கும் விளிம்புக்கும் எபாக்ஸி பிசின் மூன்று கோட். ஸ்க்ரூ துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் மறுபடி துளையிடுங்கள்.

வயரில் செய்யும் ஏமாற்று கண்ணுக்கே தெரியாது. படகுக்கு வேண்டியது வெள்ளீயம் (டின்) பூசிய செம்பு இழை வயர். வெளியே வெள்ளி நிறம், பிளேடால் சுரண்டினால் உள்ளே செம்பு. போலியில் இது தலைகீழ்: வெளியே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம் அது. கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும். மின்தடை செம்பைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கிரிம்ப் செய்த (முனையை அழுத்திப் பொருத்திய) இடத்தில் உப்பு ஏறினால் பொடிந்துபோகும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் 10 ஆம்பியர் இழுக்கும் பம்ப். போக வர 10 மீட்டர் வயர். நல்ல செம்பாக இருந்தாலே 2.5 சதுர மி.மீ. வயரில் சுமார் 0.7 வோல்ட் குறையும், அதாவது 12 வோல்ட்டில் 6 சதவீதத்துக்கு அருகில். போலியில் 1.1 வோல்ட் போகும். பம்புக்கு 3 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதனால் 6 சதுர மி.மீ. செம்புதான் சரி. பியூஸை பேட்டரி முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் வையுங்கள்.

போல்டில் உப்பை நன்றாகத் தாங்குவது 316 எண் துருப்பிடிக்காத எஃகு, 304 அதைவிடக் குறைவு. போல்டுக்குக் காந்தம் வைத்துக் காட்டி “ஒட்டவில்லை பாருங்கள், 316” என்றால் நம்பாதீர்கள். 304-உம் காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது. தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. எதுவானாலும் அலுமினியத்தில் நேராகத் தொடவிடாமல் நைலான் வாஷர் போடுங்கள். வினிகர் நெடி அடிக்கும் சிலிகான் வேண்டாம், அது உலோகத்தை அரிக்கும்.

கடைசியாக, எடுத்த இருக்கைக்குள் இருந்த ஃபோம். படகு நிரம்பினாலும் மூழ்காமல் பிடித்திருப்பது அதுதான். ஒரு லிட்டர் ஃபோம் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். அலுமினியம் தண்ணீருக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழக்கும், ஆகவே 80 கிலோ எடையுள்ள படகின் உடலுக்கு 50 லிட்டர். மோட்டாரும் பேட்டரியும் 60 கிலோ என்றால் இன்னொரு 60 லிட்டர். ஆட்களுக்கு இதற்கு மேல் வேண்டும். அந்த இடத்தில் சந்தடைக்கும் ஸ்ப்ரே ஃபோமையோ தெர்மாகோலையோ திணித்துத் தருகிறார்கள். முன்னது தண்ணீரை உறிஞ்சும், பின்னது பெட்ரோல் பட்டால் கரையும். உள்ளிருக்கும் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியிருக்கும் (குளோஸ்டு செல்) பாலியூரித்தேன் ஃபோம்தான் கேட்க வேண்டும். ஒரு துண்டை எடை போட்டு, செங்கல் வைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை நன்றாகக் கூடியிருந்தால் அதைப் படகுக்குள் வைக்காதீர்கள்.