ஐஸ் கிளீட்: ஐந்து குளிர்காலம் நடந்த பிறகு

2021 மாசி மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெருமுனையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். முதல்நாள் பெய்த மழை இரவோடு இரவாக உறைந்து, தார் நிறத்திலேயே ஐஸ் படிந்திருந்தது. நடைபாதை வீதிக்கு இறங்கும் அந்தச் சின்னச் சரிவில்தான் கால் போனது. நல்ல விலை கொடுத்து வாங்கிய பூட்ஸ் போட்டிருந்தேன். அது குளிரைத் தாங்கியது, வழுக்கலைத் தாங்கவில்லை.

ஆறு கிழமை பிளாஸ்டர். அதைவிடப் பெரிய இழப்பு காலை நடை. ஒன்றாகப் படித்த நாலு பேர் மட்டக்களப்பு, ஒஸ்லோ, லண்டன், இங்கே என்று பிரிந்து கிடக்கிறோம். நடக்கும்போது ஆளுக்கொரு குரல் பதிவு வாட்ஸப்பில் போடுவது எங்கள் வழக்கம். எனக்குக் காலை எட்டு மணி என்றால் மட்டக்களப்பில் பின்னேரம் ஆறரை. அந்த ஆறு கிழமையும் அவர்கள் நடந்தார்கள், நான் ஜன்னலடியில் இருந்து கேட்டேன்.

ஐஸில் வழுக்காமலிருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் கிளீட்டை வாங்கச் சொன்னது ஒஸ்லோக்காரி. அங்கே நடைபாதைகளில் சிறுகல் தூவுவார்கள், அதற்கு மேலும் சனம் "ப்ரொடர்" என்று காலில் ஆணி மாட்டிக்கொண்டு போகும். "வயது போனவைக்குத்தான் எண்டு நினைக்காத, இங்க எல்லாரும் போடுறவை" என்றாள்.

முதலில் வாங்கியது கம்பிச்சுருள் வகை. பூட்ஸின் அடியில் றப்பர் வலை, அதில் சுற்றிய ஸ்பிரிங். மிதிபட்டு இறுகிய ஸ்னோவில் அருமையாகப் பிடித்தது. 2022 தை 17 அன்று ரொறன்ரோவில் கொட்டிய பெரும் பனிக்குப் பிறகு, நடைபாதையே தெரியாத நாட்களில் இதோடுதான் கடைக்குப் போய்வந்தேன். ஆனால் கண்ணாடி மாதிரி இருக்கும் வெறும் ஐஸில் சுருள் உருண்டு நழுவும். இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில் குதிக்கால் பக்கம் றப்பர் கிழிந்தது. விற்ற கடை மாற்றித் தரவில்லை.

அடுத்தது குட்டி ஆணிகள் பதித்த வகை. மூன்று குளிர்காலமாக இதுதான் காலில். ஐஸில் ஆணி இறங்கும்போது பாதத்துக்கே தெரியும், அந்த நம்பிக்கைக்கு விலை இல்லை. உப்பு இதன் எதிரி. இங்கே வீதியெல்லாம் உப்புப் போடுவதால் ஆணி கறள் பிடிக்கும். வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவிடுகிறேன். ஹீற்றருக்கு மேல் வைக்கக்கூடாது, றப்பர் வெடித்துவிடும். குளிரில் றப்பர் விறைத்துப்போவதால் வாசலுக்கு வெளியே நின்று மாட்ட முயலாதீர்கள். வீட்டுக்குள் படியில் இருந்து மாட்டுங்கள். பூட்ஸின் வெளி அளவைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் விரல் பக்கம் கழன்று வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பஸ்ஸிலோ கடையிலோ ஏறுமுன் கழற்றிவிடுங்கள். ஆணியோடு டைல்ஸில் கால் வைப்பது ஐஸைவிட ஆபத்து. நான் பையில் ஒரு பழைய துணிப்பை வைத்திருக்கிறேன், ஈரத்தோடு அதற்குள் போட.

கழற்றி மாட்டுவது கைக்கு ஏலாதவர்கள் பூட்ஸையே பார்த்து வாங்கலாம். ரொறன்ரோ புனர்வாழ்வு நிறுவனத்தில் பனிக்கால ஆய்வுகூடம் ஒன்று இருக்கிறது. உண்மையான ஐஸ் தரையில் ஆட்களை நடக்கவைத்து, தரையை மெல்ல மெல்லச் சரித்துப் பார்க்கிறார்கள். 7 பாகைச் சரிவில் நழுவாவிட்டால் அந்தப் பூட்ஸுக்கு மதிப்பெண்ணாக ஒரு பனிப்பூ, 11க்கு இரண்டு, 15க்கு மூன்று. 2016இல் முதல் முடிவுகள் வந்தபோது, சோதித்தவற்றில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. விலைக்கும் பிடிப்புக்கும் சம்பந்தமில்லை என்று என் மணிக்கட்டு சொன்னதை அங்கே அளந்தே காட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இப்போது தொம்சன் பூங்காப் பக்கம் ஹைலண்ட் ஓடை வரை திரும்பவும் போகிறேன். கரையோரம் ஐஸ் கட்டியிருக்க, நடுவில் தண்ணீர் ஓடும் சத்தத்தை நின்று பதிவுசெய்து அனுப்புவேன். ஆனால் மட்டக்களப்புக்காரி கேட்பது என் காலடியைத்தான். ஸ்னோவைக் கண்ணால் கண்டதில்லை அவள். மார்கழி என்றால் அவளுக்கு மாரிமழையும் முற்றத்து வெள்ளமும். குளிர் கூடக்கூட ஸ்னோ காய்ந்து, மிதிக்கும்போது கிறீச்சென்று கத்தும். இளகினால் சொதசொதவென்று அமுங்கும். வெறும் ஐஸ் என்றால் ஆணி "கறுக் கறுக்" என்று கடிக்கும். ஐந்து வருடத்தில் இது மூன்றும் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

போன கிழமை நான் வானிலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதிவு போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "இண்டைக்கு வெறும் ஐஸ் என்ன? கெதியா நடக்காத, ஓரத்தைப் பிடிச்சுக்கொண்டு போ."