வெள்ளவத்தைத் தொடர்மாடியிலிருந்து வியாழன்: 130 மில்லிமீற்றர் தொலைகாட்டியின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கொழும்பில் இருந்துகொண்டு தொலைகாட்டி வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நகரத்து வெளிச்சத்தை எண்ணியே தயங்குகிறார்கள். விண்மீன் கூட்டங்களையும் அண்டங்களையும் பார்க்க விரும்புவோருக்கு அந்தத் தயக்கம் நியாயமானது. வியாழனுக்கு அது பொருந்தாது. காலி வீதியின் விளக்குகள் அத்தனையும் எரியும்போதும் அந்தக் கோள் தன் ஒளியில் சிறிதும் குறைவதில்லை. 2022 முதல் நான் பயன்படுத்தி வருவது 130 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழிவாடியும் 650 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட, மேசையில் வைத்துப் பார்க்கும் வகை. வியாழனுக்கும் அதன் நான்கு பெரிய நிலவுகளுக்கும் இது போதும் என்பதே என் முடிவு.

வாங்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, குழாயை ஏற்றித் திருப்பும் தாங்கியின் வகை. விண்மீன்களின் ஓட்டத்தைப் பின்தொடரும் மத்தியகோட்டுத் தாங்கியையே விற்பனையாளர்கள் உயர்ந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். கொழும்பிலோ அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 7 பாகை உயரத்தில், அயல் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. நண்பர் ஒருவரிடம் உள்ள அவ்வகைத் தாங்கியை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் அதன் எதிர்நிறை முக்காலியின் காலில் முட்டுகிறது. என்னுடையதைக் கையால் தள்ளியே திருப்ப வேண்டும். 130 மடங்கு உருப்பெருக்கத்தில் வியாழன் பார்வைப் புலத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் எடுக்கும் என்பதால் மெல்லத் தள்ளிக்கொண்டே பார்ப்பது சில இரவுகளில் பழகிவிடும்.

பெட்டியோடு வந்த 25, 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டுகள் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைகள்) 26 மடங்கும் 65 மடங்கும் தருகின்றன. நிலவுகளுக்கு முதலாவதே போதும். மேகப் பட்டைகளைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கத் தனியாக வாங்கிய 5 மில்லிமீற்றர் துண்டு தேவைப்பட்டது. வியாழனின் மாபெரும் புயலான பெரிய செம்பொட்டில் படங்களில் காணும் சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம். காற்று அசையாத இரவில், தெற்குப் பட்டையின் விளிம்பில் வெளிறிய ஒரு குழிவாகவே அது தெரிகிறது. கோள் 10 மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில் ஒருமுறை சுழல்வதால், பொட்டு நம் பக்கம் திரும்பும் வேளையைப் பார்த்து உட்கார வேண்டும்.

உண்மையில் இந்தக் கருவியின் விலைக்குரிய பயனைத் தருபவை நிலவுகளே. 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ ஆகிய நான்கையும் தவிர, வியாழனுக்குக் கணக்கிடப்பட்ட 90க்கும் மேற்பட்ட மற்றவை இதில் தெரியா. அயோ 1.77 நாளில் கோளைச் சுற்றிவருகிறது; அது இரண்டு முறை சுற்றும்போது யூரோப்பா ஒருமுறையும், நான்கு முறை சுற்றும்போது கனிமீடு ஒருமுறையும் சுற்றுகின்றன. அயோ வியாழனின் நிழலுக்குள் புகும் வேளை நான் மிகவும் விரும்புவது: கோளின் விளிம்பைத் தொடாமலே, வெட்டவெளியில் நிற்கும் புள்ளி சில நிமிடங்களில் மங்கி, இருந்த இடம் தெரியாமல் போகிறது. இந்தக் கிரகணங்கள் பூமி வியாழனை விட்டு விலகும் காலத்தில் பிந்தியும் நெருங்கும் காலத்தில் முந்தியும் நிகழ்வதைக் கொண்டே, ஒளி பயணம் செய்ய நேரம் எடுக்கிறது என்று 1676இல் டென்மார்க் வானியலாளர் ரோமர் காட்டினார்.

பராமரிப்பில் கொழும்பின் ஈரப்பதன்தான் பெரும் தொல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து குழாயை நேரே வெளியே கொண்டுவந்தால் ஆடியில் உடனே நீர் படியும். மூடியைக் கழற்றாமல் ஒரு மணித்தியாலம் வெளியில் வைத்த பின்னரே திறக்கிறேன். பார்வைத்துண்டுகளைப் பூஞ்சணம் பிடிக்காமல் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்கிறேன். கடற்காற்றின் உப்பு ஆடியின் அலுமினியப் பூச்சை ஓரங்களில் தின்னத் தொடங்கியிருக்கிறது; படத்தின் தெளிவு இன்னும் குறையவில்லை. பகல் முழுக்கச் சுட்ட கொங்கிறீட்டுத் தளம் இரவில் வெப்பத்தை விடுவதால், எட்டு மணிக்கு அலைபாயும் உருவம் பத்து மணிக்குப் பிறகே அமைதியடைகிறது.

மேல்மாடிக்கு வரும் அயலவர்களில் குருபெயர்ச்சிக்குக் கோயிலில் அர்ச்சனை செய்பவர்களே அதிகம். பஞ்சாங்கத்தில் குரு இடபத்தில் நின்ற 2024 டிசம்பரில் அதே வியாழன் ரோகிணிக்கு அருகில் நின்றதைக் காட்டியபோது, பெரியம்மா ஒருவர் தோடுபோல நான்கு பக்கத்திலும் மின்னுகிறதே என்று வியந்து, அடுத்த வியாழக்கிழமை பேரனையும் கூட்டிவந்தார்.

இனி வாங்குபவர்களுக்குக் காலம் சாதகமானது. வியாழன் பூமிக்கு நெருங்கிவரும் நாள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிப்போகிறது. 2022 செப்டெம்பரிலும் 2023 நவம்பரிலும் மாலை இடிமழை பல இரவுகளைக் கெடுத்தது. 2026இல் அது ஜனவரிக்கு வந்தது, 2027இல் பெப்ரவரிக்கு வரும். கொழும்பில் வானம் அதிகம் தெளிந்திருக்கும் மாதங்கள் அவை. நிலவுகளின் நிழல் கோளின்மேல் விழும் நேரங்களையும் கிரகண நேரங்களையும் தரும் அட்டவணைகள் பெரும்பாலும் சர்வதேச நேரத்தில் இருப்பதால் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டினால் திகதியும் மாறும்.